கேள்வி – பதில்: கலைஞரும் அறிவியலாளரும் ஒரே கூரையின் கீழ்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பழைய தோட்டத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டைச் சீர்செய்து, ஓவியர், இசைஞர், ஆய்வாளர் என்று சிலரைச் சேர்த்துத் தங்கவைத்து ஒரு முகாமாக வேலை செய்யவிட்டால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைத் தொட்டு இன்னும் சில கடிதங்கள் வந்தன. எங்கள் குழுவின் பதில்கள் இதோ.

எத்தனை பேர், எத்தனை நாள்? யாரை யாரோடு சேர்ப்பது? இதற்கெல்லாம் கணக்கு உண்டா?
– இளைஞர் மன்றச் செயலாளர், சுங்கை சிப்புட்

முதல் முறை என்றால் மூன்று கலைஞர், மூன்று அறிவியலாளர். அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பேரைக் கூட்டினால் அது முகாம் ஆகாது, கருத்தரங்கு ஆகிவிடும். நாள் என்று பார்த்தால் நான்கு வாரம் வேண்டும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கடைசி நாளில் ஒரு பதாகையும் ஒரு குழுப்படமும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

ஆனால் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கழகத்திலோ வேலை பார்ப்பவருக்கு நான்கு வாரம் விடுப்பு கிடைக்காது. பல முகாம்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கலைஞர் முழு மாதமும் இருக்கிறார். அறிவியலாளர் திறப்பு விழாவுக்கு வந்து, நிறைவு விழாவில்தான் மறுபடி முகம் காட்டுகிறார். அவருடைய வருகையை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: முதல் வாரம் 5 நாள், மூன்றாம் வாரம் 4 நாள், கடைசி வாரம் 5 நாள். ஆக 14 நாள். இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதி, அவருடைய துறைத்தலைவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் மூன்றாம் வாரத்தில் 'அவசரக் கூட்டம்' வந்துவிடும்.

ஜோடிகளை நீங்கள் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு நாளும் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கொடுங்கள். திரையில் படம் காட்டக் கூடாது. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஒரு மண் மாதிரி, ஒரு பறை, ஒரு பூஞ்சைத் தட்டு, எதுவானாலும் சரி. மூன்றாம் நாள் எல்லாரும் ஒன்றாகத் தோட்டத்தை நடந்து பார்க்கட்டும். நான்காம் நாள் அவர்களே சேர்ந்துகொள்வார்கள். சில சமயம் மூன்று பேர் ஒரு பக்கமும் ஒருவர் தனியாகவும் நிற்பார்கள். நிற்கட்டும், தனியாள் செய்யும் வேலையும் வேலைதான்.

விண்ணப்பத்தில் சாதனைப் பட்டியல் கேட்காமல் ஒரே பக்கம் எழுதச் சொல்லுங்கள்: தன் வேலையில் எந்த இடத்தில் வழி தெரியாமல் நிற்கிறார் என்று. அதை எழுத முடியாதவருக்கு அடுத்தவரின் துணை தேவைப்படாது.

ஒரு பழைய எடுத்துக்காட்டு. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பெரிய படைக்கல மண்டபத்தில் ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடந்தது. பத்துக் கலைஞர்கள், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏறக்குறைய முப்பது பொறியாளர்கள். ஏற்பாட்டில் முன்னின்றவர்கள் பொறியாளர் பில்லி குளூவரும் ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க்கும். கருவிகளை அந்த மண்டபத்திலேயே வைத்துச் சோதித்துப் பார்க்கப் போதிய நேரம் இல்லாததால் சில கருவிகள் மேடையில் கைவிட்டன. கூட்டாளிகளுக்கு இடையில் சண்டை இல்லை, நேரம்தான் போதவில்லை. நீங்கள் போடும் அட்டவணையிலும் கடைசி ஆறு நாளைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள்.

இதெல்லாம் கடைசியில் அறிவியலாளர் விளக்கம் சொல்வதும் ஓவியர் அதற்குப் படம் போடுவதுமாகத்தானே முடிகிறது?
– இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியை, கோலகங்சார்

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது, நீங்கள் சொல்வது சரி. அதற்குக் காரணம் அழைப்பிலேயே இருக்கிறது. 'மண்வளம் பற்றிய விழிப்புணர்வு ஓவியம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் விடையை முன்பே எழுதிவிட்டோம்; ஓவியர் வண்ணம் பூச வந்தவராகிறார், ஆய்வாளர் பிழை திருத்துபவராகிறார்.

லண்டனில் 1966-ல் பார்பரா ஸ்டெவெனியும் ஜான் லேத்தமும் தொடங்கிய ஒரு குழு, கலைஞர்களைத் தொழிற்சாலைகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பியது. போகிறவர் இன்னதைச் செய்து தர வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. முதலில் கொஞ்ச காலம் சும்மா இருந்து பார்க்கலாம். அதன்பிறகுதான் என்ன செய்யலாம் என்ற பேச்சு. காசு கொடுப்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் எங்கள் குழுவின் கட்சி அதுதான்: பொருளைக் கொடுங்கள், தலைப்பைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சிறு ஏற்பாடு. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் வேலையை மாற்றிவிடுங்கள். ஆய்வாளர் வரையட்டும், ஓவியர் எண்ணி அட்டவணை போடட்டும். வரையும்போதுதான் ஒரு வண்டுக்கு எத்தனை கால் மூட்டு என்று இதுவரை உற்றுப் பார்க்கவில்லை என்பது தெரியவரும். எண்ணும்போதுதான் 'நிறைய' என்ற சொல் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பது புரியும்.

எங்கள் ஊரில் செம்பனையும் கொஞ்சம் பால் மரமும்தான். இதில் என்ன பெரிய ஆராய்ச்சி இருக்கிறது?
– தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

நிறைய இருக்கிறது. 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, அதுவும் உங்கள் பக்கத்து ஊரில். ஆனால் நாங்கள் முதலில் கைகாட்டுவது செம்பனையின், அதாவது எண்ணெய்ப் பனையின் பூவை.

ஆண் பூங்குலை விரியும் நாளில் கிட்டே போனால் சோம்பு வாசனை அடிக்கும். மூக்கின் மயக்கமில்லை, உண்மையிலேயே சோம்பை ஒத்த ஒரு வேதிப்பொருளை அது வெளிவிடுகிறது. அந்த வாசனைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள கருங்கபிலக் கூன்வண்டுகள் கூட்டமாக வரும். உதிரும் ஆண் பூவில்தான் அவை முட்டையிட்டுப் பெருகுகின்றன. பெண் பூவும் அதே வாசனையை விட்டுவிட்டு வீசும். ஆனால் அங்கே வண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏமாந்து வந்து மகரந்தத்தை உதறிவிட்டுப் போகிறது, குலை கட்டுகிறது.

இந்த வண்டு மலேசியாவுக்கு வந்தது 1981-ல், ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து. அதற்கு முன் பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து பூவில் ஊதிவிடும் வேலையை ஆட்கள்தான் செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். வண்டு வந்ததும் அந்த வேலை போனது. பூச்சியியலாளர், நாடகக்காரர், அந்த வேலையைச் செய்த பாட்டி மூவரையும் ஒரு திண்ணையில் உட்காரவைக்க இதைவிட நல்ல பொருள் உங்கள் ஊரில் இல்லை.

எண்ணும் முறை எளிது. விரிந்த ஆண் பூங்குலையில் மேல், நடு, கீழ் என்று மும்மூன்று கதிர்களை, மொத்தம் ஒன்பது, மெதுவாக நெகிழிப் பையால் மூடிய பிறகே வெட்டுங்கள். வெட்டிவிட்டு மூடினால் பாதி வண்டு பறந்துவிடும். பையைக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் வண்டுகள் அசைவற்றுப் போகும், வெள்ளைத் தாளில் கொட்டி எண்ணலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது எடுத்த எண்ணிக்கையையும் வெயில் நேரத்து எண்ணிக்கையையும் ஒரே வரிசையில் எழுதாதீர்கள். மழையில் வண்டு அவ்வளவாகப் பறக்காது.

அடுத்தது கூகை. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு கூடு என்று கம்பத்தில் பெட்டி வைப்பதுண்டு. (நம் வீடுகளில் அது கத்தினால் ஆகாது என்பார்கள். செம்பனைக்கு அதைவிட ஆகிவந்த பறவை கிடையாது.) கூட்டின் கீழே கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவற்றை அலுமினியத் தாளில் சுற்றி அடுப்புப்பெட்டியில் 160 டிகிரியில் 40 நிமிடம் சுட்டுவிட்டு, கையுறையோடு பிரித்தால் எலி மண்டையோடுகள் முழுசாக வரும். ஆய்வாளருக்கு அது கூகை என்ன தின்றது என்பதன் கணக்கு, சிற்பிக்கு அது எலும்புக் கிடங்கு. பச்சையாகப் பிரிக்கவே கூடாது. குஞ்சு இருக்கும் கூட்டின் அடியில் நெடுநேரம் நிற்கவும் கூடாது.

ரப்பர் பாலிலேயே சிற்பம் செய்ய ஆசை. முயன்றால் உள்ளே ஈரமாக நின்று நாறிப்போகிறது. ஏன்?
– சிற்பி, பீடோர்

தடிமனாக ஊற்றியிருப்பீர்கள். மேலே தோல் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பூச்சும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பால்வெள்ளை நிறம் மாறித் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவத் தொடங்கிய பிறகே அடுத்த பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு அரைநாள்கூட ஆகும், மின்விசிறி வைத்தால் குறையும். அச்சுக்குப் பாரிஸ் சாந்தே நல்லது, அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்தப் பால் என்பதும் முக்கியம். மரத்திலிருந்து இறக்கிய பாலில் ரப்பர் சுமார் 30 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். பூசி வேலை செய்ய, அமோனியா கலந்த 60 சதவீத அடர்பாலைக் கடையில் வாங்குங்கள். முன்கூட்டியே கந்தகத்தோடு பதப்படுத்தியது கிடைத்தால் இன்னும் நல்லது. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுத்துப் போகும். ஜன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அமோனியா கண்ணைக் கரிக்கும்.

பித்தளை, செம்புப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள். செம்பு துளி கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் முதுமையடைந்து வெடித்துவிடும். செம்புக் கம்பியை உள்ளே எலும்புக்கூடாக வைத்து மேலே பால் பூசிய சிற்பத்துக்கும் இதே கதிதான். எவர்சில்வர் அல்லது நெகிழி வாளி போதும்.

தோட்டப் பாலை ஷீட்டாக்கிப் பார்க்க வேண்டுமா? ஒரு லிட்டர் பாலை வடிகட்டி ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீர் சேருங்கள். 98 மில்லி தண்ணீரில் 2 மில்லி பார்மிக் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக் கூடாது. அந்தக் கரைசலில் 60 மில்லி எடுத்துப் பாலில் விட்டு மெதுவாகக் கலக்கி, மேலே வரும் நுரையை வழித்து எடுத்துவிடுங்கள். நுரை தங்கினால் ஷீட்டில் குமிழி விழும். சில மணி நேரத்தில் தயிர்போல் உறையும், பிறகு மெஷினில் விட்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்தலாம். தோலில் பட்டால் பார்மிக் அமிலம் புண்ணாக்கும்: கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். அந்தக் கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். ரப்பர்ப் புரதம் சிலருக்கு ஒவ்வாது. வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிப்பவர் இந்த வேலையைத் தொடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதை முதல்நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது ஒன்று: ஆண்டின் முதல் சில மாதங்களில் மரம் இலையுதிர்க்கும், பாலும் குறையும். பிப்ரவரியில் முகாம் வைத்துவிட்டுப் பால் இல்லை என்று புலம்பாதீர்கள்.

நான் 30 வருஷம் பால் வெட்டினவ. படிச்சவங்க கூடுற இடத்துல எனக்கென்ன வேலை?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, லிந்தாங்

அம்மா, நீங்கள் இல்லாமல் அவர்களுக்குத்தான் அங்கே வேலை இல்லை. வெட்டு ஏன் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிய வேண்டும்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டுக்கன்று மரத்துக்குச் சரிவு சுமார் 30 டிகிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவி, உள்ளே வளர்படலத்துக்கு (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கு) முன் ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், அடுத்த தடவை அந்தப் பட்டையில் கத்தி ஓடாது. விடிவதற்கு முன் வெட்டுவது ஏன்? வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் மந்தமாகும். இவ்வளவும் ஆய்வாளர் அளவுகோல் வைத்துச் சொல்வது. நீங்கள் அதை நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மணிக்கட்டு கணக்கில் செய்தவர். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை எப்படி அறிகிறது என்பதற்கு எந்தக் கருவியிலும் இன்னும் சரியான பதில் இல்லை. ஒரு நடனக் கலைஞரும் ஒரு தசையியல் ஆய்வாளரும் ஒரு வாரம் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் அது.

ஏற்பாட்டாளர்களுக்கு: இப்படி வருபவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். அரைநாளுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), போக்குவரத்து, சாப்பாடு, பெயர்ப்பட்டியலில் மற்றவர்களுக்குச் சமமான இடம். அவர் பாடும் பாட்டைப் பதிவு செய்தால் எங்கே, எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று பின்னால் சொல்லவும் அவருக்கு வழி விடுங்கள்.

செலவு எவ்வளவு பிடிக்கும்?
– கூட்டுறவுக் கழகப் பொருளாளர்

வீடு இலவசம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கலைஞர்களுக்குத் தலைக்கு 2,500 வெள்ளி (2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்டது, அதற்குக் கீழே பேசாதீர்கள்): 7,500. சம்பளத்தில் இருக்கும் அறிவியலாளர்களுக்குப் படியாகத் தலைக்கு 1,000: 3,000. ஒரு ஜோடிக்குப் பொருள் செலவு 1,000: 3,000. சாப்பாடு நாளுக்கு 30 என்றால் கலைஞர் 84 ஆள்நாள், அறிவியலாளர் 42 ஆள்நாள்: 3,780. உள்ளூர் வல்லுநர் இருவருக்குத் தலைக்குப் பன்னிரண்டு அரைநாள்: 2,400. போக்குவரத்து 1,500, முடிவில் வீட்டை எல்லாருக்கும் திறந்துவிடும் திறந்தநாளுக்கு 1,000. கூட்டினால் 22,180. பத்து விழுக்காடு கையிருப்பையும் சேர்த்தால் சுமார் 24,400 வெள்ளி. காப்புறுதியும் வீட்டுப் பழுதும் இதில் இல்லை. பழைய வீட்டின் மின்கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்காமல் அடுப்புப்பெட்டியைச் செருகாதீர்கள்.

அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? படைத்தது யாருக்குச் சொந்தம்?
– வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், ஈப்போ

நிலத்துக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில். அதோடு தோட்ட அலுவலகத்தில் மருந்தடிக்கும் நாளையும் குலை வெட்டும் சுற்றையும் கேட்டு வாங்குங்கள். குலை வெட்டும் மரத்தடியில் யாரும் நிற்கக் கூடாது. குலை இருபது கிலோவைத் தாண்டும், ஓலைக் காம்பில் முள். தலைக்கவசம் போட்டாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

செடி, பூச்சி, நுண்ணுயிர் மாதிரிகளை ஆராய்ச்சிக்காக எடுப்பதென்றால் 2017-ஆம் ஆண்டின் உயிரியல் வள அணுகல், நன்மைப் பகிர்வுச் சட்டம், அதாவது சட்டம் 795, குறுக்கே வரும். அது 2020 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. மாநில அளவில் பொறுப்பான அதிகாரத்திடம் கேட்டுவிடுங்கள், வெளிநாட்டவர் இருந்தால் இன்னும் முன்கூட்டியே. மரபணு மாற்றிய உயிரினம் எதையும் கிராணி வீட்டுக்குள் கொண்டுவரும் யோசனை வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் கட்டுப்பாடுகள் ஒரு வீட்டில் சாத்தியமில்லை.

உரிமை விஷயத்தில் சண்டை வருவது பணத்தால் அல்ல, பெயரால்தான். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் நிற்கும். இருவர் சேர்ந்து செய்து பிரிக்க முடியாதபடி கலந்த படைப்பு இருவருக்கும் சொந்தம். ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு பக்க ஒப்பந்தம்: யார் பெயர் எந்த வரிசையில், அளவீட்டுத் தரவுகள் யாரிடம் இருக்கும், ஒருவர் மற்றவர் இல்லாமல் படைப்பைக் காட்சிக்கு வைக்கலாமா, ஆய்வுக் கட்டுரையில் கலைஞரின் பெயர் ஆசிரியராகவா நன்றியிலா. கடைசிக் கேள்விதான் மிகவும் கசக்கும், அதனால் அதை முதலில் பேசுங்கள். ஆய்வாளருக்குக் காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் திறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பிக்கட்டும். பொதுவில் காட்டிவிட்டால் பல நாடுகளில் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும்.

முடிவில் கண்காட்சி வைக்கத்தான் வேண்டுமா?
– ஓவிய ஆசிரியர், தாப்பா

கண்காட்சி வேண்டாம், ஒருநாள் வீட்டைத் திறந்து விடுங்கள். பாதியில் நிற்கும் வேலை, தோற்ற சோதனை, எண்ணிக்கைத் தாள்கள் எல்லாம் மேசைமேல் கிடக்கட்டும். முழுமையான படைப்பு ஓராண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். நம் நாட்டில் தங்கி வேலை செய்யும் முறையை நேரில் பார்க்க விரும்பினால் சிலாங்கூர் குவாங்கில் ரிம்புன் டாஹான் இருக்கிறது. 1994 முதல் கலைஞர்களைத் தங்கவைக்கிறார்கள், சுற்றிலும் இந்த வட்டாரத்துத் தாவரங்களாலேயே ஒரு தோட்டமும் வளர்த்திருக்கிறார்கள்.

காகித வேலைகளைச் சுவரில் ஒட்டிவைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா மணிப் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் மணிகள் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மறுபடி போடலாம். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள், தோட்டத்து வீட்டில் கரையான் கேட்டுக்கொண்டு வராது.